பதினேழாம் நம்பர் காது

பென்சில் குச்சியை உடைப்பதும் என் உத்தியோகத்தில் ஒரு பகுதி என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அணு உலையில் வேலை என்றதும் அவர்கள் மனதில் பெரிய பெரிய சக்கரங்களும் சிவப்பு விளக்குகளும் ஓடும் போலிருக்கிறது. நான் செய்ததோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் மைக்ரோடிப் பென்சிலை ஒரு குழாயின் மேல் சாய்த்து வைத்து அழுத்துவது. குச்சி 'டிக்' என்று முறியும். அவ்வளவுதான்.

இரும்பில் விரிசல் விடும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். மனிதக் காதுக்குக் கேட்காது. அதைக் கேட்பதற்காகக் குழாய்களின் வெல்டிங் பக்கத்தில் சென்சார்களைப் பொருத்தியிருப்போம். உலை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழாய்களின் அருகில் ஒருவரும் போக முடியாது. ஆகவே அது கேட்பதைத் தொலைவில் உட்கார்ந்து நாங்கள் திரையில் பார்ப்போம். அறிக்கைகளில் சென்சார் என்று எழுதினாலும் எங்களுக்குள் அதற்குப் பெயர் காது. பென்சில் குச்சி முறியும் சத்தம் விரிசலின் சத்தத்தைப் போலவே இருக்கும் என்பதால், உலையை நிறுத்திப் பராமரிப்பு நடக்கும் நாட்களில் ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு காதின் பக்கத்திலும் மூன்று முறை குச்சி உடைப்பார். வெளியே திரை முன்னால் இருப்பவர் மூன்று கோடுகள் எழுந்ததைப் பார்த்து 'வந்துவிட்டது' என்று சொல்வார். அப்படியென்றால் காது உயிரோடு இருக்கிறது.

உள்ளே போகிறவன் நான். வெளியே திரை முன்னால் இருந்தவர் என் தங்கையின் கணவர்.

அவரை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கேரள எல்லையில் மீனாட்சிபுரத்தில் அவர்களுக்கு எட்டு மாடுகள், கொஞ்சம் தென்னை. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் டிப்ளமோ படித்துவிட்டு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன இடம். உலைக்காரர்களிடம் ஒப்பந்தம் எடுத்து இந்தக் காதுகளைப் பொருத்துவதும், அவர்கள் தினம் ஒரு முறை அனுப்பும் பதிவுகளைப் படித்துச் சொல்வதும் எங்கள் வேலை. ஆள் தேவைப்பட்டபோது நான் அவரைச் சொன்னேன். தங்கைக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அதன் பிறகு ஒரு சங்கடம் ஆரம்பமாயிற்று.

எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்தவளின் கணவர் என்றால் அவர் மாப்பிள்ளைதான், கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும். பந்தியில் அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்வார்கள். அவர் ஒன்று சொன்னால் நாலு பேர் முன்னால் 'அது அப்படியில்லை' என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த வருத்தம் அவரோடு நிற்காது, கட்டிக்கொடுத்த பெண்ணின் தலையில் விடியும். வேலையில் நான் அவருக்கு மூத்தவன். ஆனால் ஒருநாளும் அவரை 'இதைச் செய்' என்று சொன்னதில்லை. "இதக் கொஞ்சம் பாத்துருங்க மாப்ள" என்பேன். ஆபீசில் கிண்டல் செய்வார்கள், இங்கே யாருக்கு யார் அதிகாரி என்று. நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அவர் கெட்டிக்காரர், திரையில் ஒரு கோடு கோணலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், அதனால் திருத்த வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்தப் பராமரிப்புக்கு நாங்கள் கிளம்பிய அன்று தங்கை வடகரப்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாங்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, உள்ற போறது நீங்க மட்டுந்தானுங்களா?"

"ஆமா. மாப்ள வெளியதான் நிப்பாரு. உனக்கென்ன பயம்?"

"எனக்கு அதுதானுங்கண்ணா பயம்." பிறகு அவரிடம் திரும்பினாள். "அண்ணன ரொம்ப நேரம் உள்ற நிக்க உடாதீங்கொ. நீங்கதான் பாத்துக்கோணும்."

"கொழப்பமில்ல," என்றார் அவர். எதற்கும் அவர் சொல்வது அதுதான். பிரச்சினை ஒன்றுமில்லை என்று அர்த்தம், மலையாளத்திலிருந்து எங்கள் பேச்சுக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல், ஆனால் அவர் வாயில் அது ஒரு சத்தியம் மாதிரி ஒலிக்கும்.

நான் உள்ளே போன மூன்றாவது நாள். மேலே ஒரு பருத்தி உடை, அதற்கு மேல் இன்னொன்று, கையில் இரண்டு அடுக்குக் கையுறை, முகமூடி. மார்பில் கதிர்வீச்சை அளக்கும் சின்ன மீட்டர். நமக்கென்று ஒதுக்கிய அளவை நெருங்கினால் அது பீப் அடிக்கும். அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். காதில் ஹெட்செட். அந்த லைனில் மாப்பிள்ளை மட்டுமல்ல, உலையின் பொறியாளர் ஒருவரும், பாதுகாப்புப் பிரிவு ஆள் ஒருவரும் இருந்தார்கள்.

மற்ற காதுகள் எல்லாம் முடிந்து பதினாறாம் நம்பரும் பதினேழாம் நம்பரும்தான் பாக்கி. பதினாறில் குச்சி உடைத்தேன்.

"ஒண்ணு வந்துருச்சுங்க. ரெண்டு வந்துருச்சுங்க. மூணு. கொழப்பமில்லீங்க."

பதினேழுக்கு ஒரு குழாயின் அடியில் குனிந்து நுழைய வேண்டும். நுழைந்தேன். பென்சிலில் குச்சி தீர்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து புதுக் குச்சியை நுழைக்கப் பார்க்கிறேன், இரண்டு கையுறைக்குள் விரல் எனக்கு உரிமையில்லாதது போல நடந்துகொள்கிறது. ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்று நுழையும் முன்பே ஒடிந்தது. அப்போது மார்பில் பீப் அடிக்க ஆரம்பித்தது.

லைனில் அவர் குரல் வந்தது. "பதினேழு மூணும் வந்துருச்சுங்க மச்சான். வெளிய வாங்கொ."

நான் குழாயைத் தொடவே இல்லை.

அந்த இடத்தில் குனிந்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதற்குள் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. பீப் சத்தம் ஹெட்செட் வழியாக அவருக்குக் கேட்டிருக்கிறது. தங்கைக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் வந்திருக்கிறது. இத்தனை காதில் இது ஒன்று என்று நினைத்திருப்பார். இன்னும் பத்து விநாடி இருந்தால் குச்சியை நுழைத்து நான் உடைத்திருக்க முடியும். உடைத்திருந்தால் வெளியே திரையில் அப்போதுதான் கோடு எழும். முன்பே வந்துவிட்டது என்று அவர் சொன்னது பொய் என்பது லைனில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோகும். பாதுகாப்பு ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் தங்கையின் கணவரைப் பொய்யர் ஆக்க எனக்குக் கை வரவில்லை.

"சரிங்க மாப்ள," என்றேன். வெளியே வந்தேன்.

சாயங்காலம் பதிவுத்தாள் வந்தது. பதினேழுக்கு நேரே 'மூன்று, சரி' என்று அவர் எழுத்து. கீழே அவர் கையெழுத்து. நான் என்னுடையதைப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போனோம். எனக்கு ஒதுக்கிய அளவு முடிந்துவிட்டதால் மறுநாள் நான் உள்ளே போக முடியாது. இன்னொருவரை அனுப்பச் சொல்லலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அந்தப் பகுதியின் கதவை மூடினார்கள். இனி அடுத்த பராமரிப்புக்குத்தான் திறப்பார்கள். இத்தனையும் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், என்னை நானே திட்டிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பிறகு வழக்கம்போல வடகரப்பதியிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போவேன், திரை முன் உட்காருவேன். அன்றன்றைய பதிவு வரும். முதலில் நான் பார்ப்பது பதினேழு. அது ஒன்றும் சொல்லாது. அதுதான் கொடுமை. பதினேழு இருந்த குழாயில் சாதாரணமாகத் தண்ணீர் ஓடாது, அவசரத்துக்கென்று வைத்திருப்பது. ஆகவே காது நன்றாக இருந்தாலும் அங்கே கேட்க ஒன்றும் இல்லை. காது செத்திருந்தாலும் திரையில் இதே தட்டைக் கோடுதான். புது மாதிரிக் கருவிகளில் வெளியிலிருந்தே காதைச் சோதிக்க வழியுண்டு. எங்களுடையது பழசு. பென்சிலை விட்டால் வேறு கதியில்லை.

நாலைந்து மாதம் அப்படியே போயிற்று. மனதைத் தேற்றிக்கொள்ளவும் பழகிவிட்டேன். குழாய் கசிந்தால் கண்டுபிடிக்க வேறு காவல்களும் உண்டு, ஊர் ஒன்றும் அழிந்துவிடாது. ஆனால் கசிவதற்கு முன்னால், விரிசலாக இருக்கும்போதே கேட்க வேண்டியது எங்கள் காதுகள்தான். அதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பதினாறின் பதிவில், ஏதோ சத்தம் கேட்டதற்கு அடையாளமாக, சின்னதாக ஒரு புள்ளி. மறுநாள் இரண்டு. அடுத்த வாரம் கொத்தாக வந்தது.

இந்த மாதிரி வந்தால் எங்கள் ஆபீசில் செய்வது ஒன்றே ஒன்று. பக்கத்துக் காதைக் கேட்பது. நிஜமான சத்தம் என்றால் இரும்பு வழியாகப் பக்கத்துக் காதுக்கும் போயிருக்கும். பக்கத்துக் காதில் இல்லையென்றால் அது ஒயரிலோ கனெக்டரிலோ வந்த கோளாறு. பதினாறுக்குப் பக்கத்தில் இருந்தது பதினேழு ஒன்றுதான்.

எங்கள் மேலாளர் பாலக்காட்டு அம்மா. பாதி மலையாளம், பாதி தமிழ், வேலையில் கறார். பதிவுகளை மேசையில் பரப்பி வைத்து எங்களைக் கூப்பிட்டார்.

"பதினேழு கேட்டிட்டில்ல. அப்போ பதினாறுல வந்தது கறண்ட் சம்பந்தமான கோளாறு. அங்ஙனே எழுதலாம், சரியல்லே?"

மாப்பிள்ளை எனக்கு எதிரே இருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் 'சரிங்க மேடம்' என்றேன். அறிக்கையில் மூன்று கையெழுத்து. இரண்டாவது என்னுடையது. அப்படியாக ஒரே பொய்யில் நான் இரண்டு முறை கையெழுத்துப் போட்டவனானேன், முதல் முறை அவருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டாவது முறை சுத்தமான பயம்.

பதினாறின் புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தன. போய்த் தொட்டுப் பார்க்க முடியாது, கதவைத் திறக்கச் சொல்ல முடியாது, கேட்பதற்கு இருக்கும் ஒரே காதை நம்ப முடியாது. இப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரம் போனேன். மாப்பிள்ளை மாட்டுக்கொட்டகையில் பைப்பைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை உள்ளே தோசை சுடும் சத்தம் கேட்டது.

"அன்னிக்குப் பதினேழுல நான் குச்சியே ஒடைக்கலீங்க மாப்ள," என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க மச்சான்."

"பதினாறு ஏறிட்டே இருக்குது. நாம சொல்லோணும்."

"உங்க மீட்டரு பீப் பீப்புன்னு அடிக்குது. உங்ககிட்டருந்து ஒரு சத்தமும் காணோம். குனிஞ்ச எடத்துல மயங்கிட்டீங்களோன்னு..." பைப்பை மறுபக்கம் திருப்பிவிட்டு, "சொல்லிருங்க. கொழப்பமில்லீங்க," என்றார்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் கொட்டாயிலயே நின்னுட்டீங்க? தோசை ஆறுது, வாங்கொ." போய்ச் சாப்பிட்டோம். அவர் முதலில் உட்கார்ந்தார், நான் பிறகு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை தனியாக மேலாளர் அறைக்குப் போனேன். பழியை என் தலையில் போட்டுக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். "பதினேழில் நான் குச்சி உடைக்காமல் வந்துவிட்டேன் மேடம். தவறு என்னுடையது." அவ்வளவுதான் சொல்ல நினைத்தது. நல்ல திட்டம் என்றுதான் தோன்றியது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ஒடைக்கலைன்னா, மூணு வந்ததுன்னு லாக்ல எழுதினது எங்ஙனே?"

அந்த ஒரு கேள்வி வரும் என்பதுகூடத் தெரியாமல் நான் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருக்கிறேன். தாளை எடுத்தார். மாப்பிள்ளையின் எழுத்து, மாப்பிள்ளையின் கையெழுத்து. நான் எவ்வளவு சுற்றி வளைத்தாலும் உடையாத குச்சிக்குக் கோடு எழாது. அதை எனக்கே சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மா.

அந்த வாரமே மாப்பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. பழைய பதிவுகளைப் படிக்க ஆள் வேண்டுமாம், தானாக வந்து சொன்னதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம். இனி உலைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை என்று மட்டும் ஒரு கடிதம். அவரை விட்டுவிடுங்கள், நான் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பொய்யான பதிவு எழுதினவரை வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தம் எப்படிக் கேட்பது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் வாக்குமூலத்தால் உலையில் என்ன நடந்தது? அறிக்கையில் இரண்டு வரி மாறியது. 'பதினேழு நம்பத்தக்கதல்ல. பதினாறைத் தொடர்ந்து கவனிக்கவும்.' உலைக்காரர்கள் மற்ற காவல்களையெல்லாம் சரிபார்த்து, கசிவு இல்லை, அடுத்த பராமரிப்பில் திறந்து பார்ப்போம் என்று பதில் எழுதினார்கள். அதாவது நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான், சொன்ன பிறகும் அதுவேதான். பதினாறு சில வாரம் அடங்கும், நான் மூச்சு விடுவேன். மறுபடி ஏறும். அதன் கூடவே நானும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தங்கையின் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் அவர் தோப்புக்குப் போயிருந்தார், சொசைட்டிக்குப் போயிருந்தார், மாட்டு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். போன தைக்குச் சீர் கொண்டுபோனேன். தங்கை வாங்கி வைத்தாள். "உங்களச் சொல்லி என்னங்கண்ணா," என்றாள். அண்ணனை உள்ளே நிற்க விடாதீர்கள் என்று சொல்லியனுப்பியது தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதை அவர் சொல்லியிருப்பாரா, அவளே கூட்டிப் பார்த்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த பராமரிப்பு இந்த வருஷம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உள்ளே போனாள். திரை முன்னால் இன்னொருவர். எனக்கு ஆபீசிலும் வேலையில்லை, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வடகரப்பதியில் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் மேலாளரே கூப்பிட்டார்.

"பதினேழு மூணும் வந்நு. நல்ல ஜீவனுண்டு. பதினாறுல கனெக்டர் துருப்பிடிச்சிருக்கு, அதான் அந்த சத்தம். குழாய்க்கு ஒண்ணுமில்ல." பிறகு, "இனி நிம்மதியா இருங்க," என்றார்.

ஆக, பதினேழு ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை மாதம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் முதலில் அனுப்பிய அறிக்கை சரி. திருத்தி அனுப்பியதுதான் தேவையில்லாதது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. உட்கார்ந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

அது அடங்கியதும் மாப்பிள்ளையின் நம்பருக்குப் போட்டேன். நான்கைந்து முறை மணி அடித்தது. தங்கை எடுத்தாள்.

"மாப்ள இல்லையா?"

"பால் ஊத்தப் போயிட்டாருங்கண்ணா. போன வெச்சுட்டுப் போயிட்டாரு."

மணி இரண்டரை. சாயங்காலப் பாலை இன்னும் கறந்திருக்கவே மாட்டார்கள். அவளுக்குப் பின்னால் பால் கேனின் மூடி உரசியது. பிறகு ஒரு இருமல். திரை முன்னால் உட்கார்ந்து மைக்கைத் திறக்கும் முன் தொண்டையைச் செருமும் அதே இருமல். இரண்டு வருஷம் ஹெட்செட்டில் கேட்டது எனக்குத் தப்பாது.

"சரி கண்ணு," என்றேன். "வந்தா சொல்லு. பதினேழு மூணும் வந்துருச்சாம்."

"சொல்றனுங்கண்ணா."

அவள் போனை உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூடியின் சத்தம் நின்றிருந்தது.